கனடாவுக்குப் புதிதாக வந்தவருக்கு கிரெடிட் ஸ்கோர்: ஓர் எளிய விளக்கம்

சொந்த ஊரில் 15 வருடம் வேலை பார்த்திருப்பீர்கள். வீட்டுக் கடனை ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டி முடித்திருப்பீர்கள். கையில் கொஞ்சம் டாலரும் இருக்கும். ஆனால் டொராண்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட்டை, அதாவது வீட்டின் கீழ்த்தளத்தை, வாடகைக்குக் கேட்டுப் போனால், வீட்டுக்காரர் முதலில் கேட்பது கிரெடிட் ரிப்போர்ட்டைத்தான். கார் லோன் கேட்டாலும் அதே கேள்வி. போன் கம்பெனியில் மாதத் தவணையில் ஒரு ஐபோன் கேட்டாலும் அதே கேள்வி. நீங்கள் பணம் கட்டக்கூடியவரா என்பதற்கு இந்த நாட்டில் இன்னும் எந்தப் பதிவும் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

கடன் வரலாறு பொதுவாக நாட்டின் எல்லையைத் தாண்டி வருவதில்லை. இந்தியாவில் சிபில் ஸ்கோர் (அங்குள்ள கிரெடிட் ஸ்கோர்) 800 வைத்திருந்தவரும், இலங்கையில் வாழ்நாளில் வங்கிக் கடனே வாங்காதவரும் டொராண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் இறங்கும்போது ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். அதனால் முதல் ஓரிரு வருடங்களில் எவ்வளவு சேமித்தீர்கள் என்பதைவிட, சின்னச் சின்னத் தொகையைக் கடனாக வாங்கி ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்த பதிவு எப்போது தொடங்கியது என்பதுதான் அதிகம் உதவும். கடன் என்றாலே ஒதுங்கிப்போகச் சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். தோன்றட்டும். இங்கே கணக்கு அப்படித்தான் ஓடுகிறது.

யார் இந்தப் பதிவை வைத்திருக்கிறார்கள்?

கனடாவில் முக்கியமாக இரண்டு நிறுவனங்கள்: ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன். இரண்டுமே தனியார் நிறுவனங்கள். அரசு அலுவலகங்கள் அல்ல. வங்கிகள், கிரெடிட் கார்ட் நிறுவனங்கள், கார் லோன் கொடுப்பவர்கள், பல போன் கம்பெனிகள் எல்லாம் வாடிக்கையாளர் எப்படிக் கட்டுகிறார் என்ற விவரத்தை இவர்களுக்கு அனுப்புகின்றன. எந்தக் கணக்கு எப்போது திறந்தது, லிமிட் (அதிகபட்சம் வாங்கக்கூடிய கடன்) எவ்வளவு, இப்போது பாக்கி எவ்வளவு, எந்த மாதமாவது தாமதமானதா என்பதெல்லாம் சேர்ந்ததுதான் கிரெடிட் ரிப்போர்ட். அந்த ரிப்போர்ட்டை வைத்து 300-லிருந்து 900-க்குள் ஓர் எண்ணைக் கணக்கிடுகிறார்கள். அதுதான் ஸ்கோர். 660-க்கு மேல் போனால் நல்ல ஸ்கோர் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

அதில் என்ன இல்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் சம்பளத்தை வைத்து ஸ்கோர் கணக்கிடுவதில்லை. சேமிப்புக் கணக்கில் கிடக்கும் பணமும் சேராது. டெபிட் கார்டில் எவ்வளவு செலவழித்தாலும் அது உங்கள் சொந்தப் பணம், அதனால் பதிவாகாது. முன்கூட்டியே பணம் போட்டுப் பயன்படுத்தும் பிரீபெய்ட் கார்டும் அப்படித்தான். மாதாமாதம் சரியாகக் கொடுக்கும் வாடகைகூட, வீட்டுக்காரரோ நீங்களோ அதற்கென்று ஒரு சேவையில் சேர்ந்து தெரிவித்தால் ஒழிய, பெரும்பாலும் பதிவில் வராது. ஆக, வருடத்துக்கு ஒரு லட்சம் டாலர் சம்பாதித்து எல்லாவற்றையும் டெபிட் கார்டிலேயே கட்டுபவருக்கு ஸ்கோரே இல்லாமல் போகலாம். பகுதிநேர வேலை பார்க்கும் மாணவர் ஒருவர் 500 டாலர் லிமிட் உள்ள கார்டை ஒழுங்காக வைத்து 700-ஐத் தாண்டியிருக்கலாம்.

முதல் கார்ட்

முதலில் வங்கிக் கணக்கு. சரியான அடையாள ஆவணங்கள் இருந்தால், வேலை இல்லாவிட்டாலும், போட உடனே பணம் இல்லாவிட்டாலும், கனடாவில் வங்கிக் கணக்கு திறக்க உங்களுக்கு உரிமை உண்டு. இது சட்டம், யாரும் செய்யும் சலுகை இல்லை. ஆர்பிசி, டிடி, ஸ்கோஷியாபேங்க், பிஎம்ஓ, சிஐபிசி என்ற பெரிய வங்கிகள் ஐந்திலுமே புதிதாக வந்தவர்களுக்கென்று தனித் திட்டம் உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கு மாதக் கட்டணம் கிடையாது. கிரெடிட் வரலாறு இல்லாவிட்டாலும் ஒரு கார்ட் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் நீங்கள் நாட்டுக்கு வந்து சில வருடங்கள் தாண்டிவிட்டால் இந்தத் திட்டங்களில் சேர முடியாது. அதனால் கணக்கு திறக்கும் நாளிலேயே கார்டையும் கேட்டுவிடுங்கள். அப்புறம், கட்டணமில்லாத காலம் எந்த மாதம் முடிகிறது என்று கேட்டு காலண்டரில் குறித்து வையுங்கள். அது முடிந்த மறுமாதம் சத்தமில்லாமல் பணம் பிடிக்க ஆரம்பித்துவிடும்.

சாதாரண கார்ட் கிடைக்கவில்லை என்றால் செக்யூர்ட் கார்ட் இருக்கிறது. 500 டாலரை வைப்பாகக் கொடுத்தால் பெரும்பாலும் அதே அளவுக்கு லிமிட் தருவார்கள். அந்த 500 டாலர் பிணையாகத்தான் இருக்கும். மாத பில்லை நீங்கள் தனியாகக் கட்ட வேண்டும். பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். பில் வந்தால் வைப்பிலிருந்து கழித்துக்கொள்வார்கள் என்று நினைத்துக் கட்டாமல் விட்டால், கிரெடிட்டை வளர்க்க வாங்கிய கார்டே அதைக் கெடுத்துவிடும். ஒழுங்காகக் கட்டி, பிறகு கார்டை மூடும்போதோ சாதாரண கார்டாக மாற்றும்போதோ வைப்பு திரும்பி வரும்.

எந்தக் கார்டாக இருந்தாலும் முதலாவது கார்ட் வருடக் கட்டணம் இல்லாததாக இருப்பது நல்லது. காரணம், அதைப் பல வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள். கணக்கு எவ்வளவு பழையது என்பதும் ஸ்கோரில் சேரும். பாயின்ட், கேஷ்பேக், விமான நிலைய லவுஞ்ச் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு தேதிகள்

கிரெடிட் கார்ட் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் புரிந்துகொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைப் புரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் இரண்டு தேதிகள் உண்டு. ஒன்று, ஸ்டேட்மென்ட் போடும் நாள். அன்றைக்குக் கணக்கை மூடி, இதுவரை இவ்வளவு பாக்கி என்று எழுதுவார்கள். இன்னொன்று, கட்ட வேண்டிய கடைசி நாள். இரண்டுக்கும் இடையே குறைந்தது 21 நாள் இருக்க வேண்டும் என்பது வங்கிகளுக்கான விதி. கடைசி நாளுக்குள் ஸ்டேட்மென்ட்டில் உள்ள முழுத் தொகையையும் கட்டிவிட்டால், வாங்கிய பொருள்களுக்கு ஒரு சென்ட்கூட வட்டி இல்லை.

முழுத் தொகை என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஸ்டேட்மென்ட்டில் 1,000 டாலர் என்று இருக்கிறது, நீங்கள் 950 கட்டினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 50 டாலருக்கு மட்டும் வட்டி என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் வட்டியில்லாத சலுகையே அந்த மாதம் போய்விடும். ஒவ்வொரு பொருளையும் வாங்கிய நாளிலிருந்து, பணம் கட்டிய நாள் வரைக்கும் வட்டி கணக்காகும். கார்ட் வட்டி பெரும்பாலும் வருடத்துக்கு 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதாவது 1,000 டாலர் பாக்கியை அப்படியே வைத்திருந்தால் மாதம் 16, 17 டாலர் சும்மா போகும்.

ஸ்டேட்மென்ட்டில் மினிமம் பேமென்ட் என்று ஒரு சின்னத் தொகை போட்டிருப்பார்கள். அதைக் கட்டினால் தாமதம் என்ற பதிவு விழாது. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். மினிமம் மட்டும் கட்டிக்கொண்டு போனால் இந்தப் பாக்கி தீர எத்தனை காலம் ஆகும் என்ற மதிப்பீட்டையும் அதே ஸ்டேட்மென்ட்டில் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒருமுறை அந்த வரியைத் தேடிப் படியுங்கள். வேறு அறிவுரை தேவைப்படாது.

கிரெடிட் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுப்பது இன்னும் மோசம். அதற்கு 21 நாள் சலுகையே கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி, அதோடு கட்டணம் வேறு. ஊருக்கு அவசரமாகப் பணம் அனுப்ப வேண்டிய இரவுகளில் இதுதான் கைக்கு எட்டும் வழியாகத் தெரியும். அதற்காகவே சேமிப்புக் கணக்கில் கொஞ்சம் தனியாக ஒதுக்கி வைக்கச் சொல்வது.

இனி ஸ்டேட்மென்ட் நாளுக்கு வருவோம். அந்த நாளையொட்டி உள்ள பாக்கிதான் பெரும்பாலும் ஈக்விஃபாக்ஸுக்கும் டிரான்ஸ்யூனியனுக்கும் போகிறது. லிமிட்டில் எத்தனை சதவீதத்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்பது ஸ்கோரில் பெரிய பங்கு வகிக்கும். 30 சதவீதத்துக்குக் கீழே வைத்திருப்பது நல்லது. புதிதாக வந்தவருக்கு லிமிட்டே 1,000 டாலர்தான் இருக்கும். இரண்டு வாரம் மளிகை, ஒரு குளிர்கால ஜாக்கெட், பஸ் பாஸ் என்று வாங்கினாலே 900-ஐத் தொட்டுவிடும். கடைசி நாளுக்குள் முழுதாகக் கட்டினாலும் பதிவில் 90 சதவீதம் என்றுதான் விழும். ஏதோ நெருக்கடியில் இருப்பவர் போலத் தெரியும். இதற்கு வழி எளிது. ஸ்டேட்மென்ட் நாள் 5-ஆம் தேதி என்றால், 2-ஆம் தேதியே 700 டாலரைக் கட்டிவிடுங்கள். 200 டாலருக்குத்தான் ஸ்டேட்மென்ட் வரும். பதிவில் 20 சதவீதம். அந்த 200-ஐக் கடைசி நாளுக்குள் கட்டினால் போதும்.

சொல்லிக் கேட்கும் சில தவறான யோசனைகள்

பாக்கியைக் கொஞ்சம் விட்டு வைத்தால் ஸ்கோர் ஏறும் என்று யாராவது உங்களுக்குக் கட்டாயம் சொல்வார்கள். சொல்பவர் 20 வருடமாக இங்கே இருப்பவராகவும் இருப்பார். தவறு. வட்டி கட்டுவதால் ஸ்கோர் ஏறுவதில்லை. கார்டைப் பயன்படுத்த வேண்டும், ஸ்டேட்மென்ட் வர வேண்டும், கட்ட வேண்டும். அவ்வளவே.

என் ஸ்கோரை நானே பார்த்தால் குறைந்துவிடும் என்பது இன்னொன்று. குறையாது. கடன் கேட்டு நீங்கள் விண்ணப்பிக்கும்போது அந்த நிறுவனம் பார்ப்பதுதான் பதிவாகிச் சற்றுக் குறைக்கும். அதனால் மாலில் மேசை போட்டுப் பரிசுப் பொருளோடு கார்ட் விற்பவர்கள் எல்லோரிடமும் ஒரே மாதத்தில் விண்ணப்பம் கொடுக்காதீர்கள்.

கணவர் பெயரில் கார்ட் இருந்தால் மனைவிக்கும் கிரெடிட் வளரும் என்று நினைப்பதும் உண்டு. திருமணத்தால் ரிப்போர்ட் ஒன்றாவதில்லை, ஆளுக்கொரு ரிப்போர்ட்தான். கணவரின் கணக்கில் மனைவிக்குத் துணைக் கார்ட் எடுத்தால் அது மனைவியின் பெயரில் பதிவாகும் என்ற உறுதி கிடையாது. இதில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் பெண்கள்தான். வீட்டு பில், கார், போன் எல்லாம் கணவர் பெயரில் இருக்க, பல வருடங்களுக்குப் பிறகு தனியாக ஒரு போன் இணைப்பு எடுக்கப் போனால் இவர் யாரென்றே பதிவில் இருக்காது. இரண்டு பேரும் முதல் மாதத்திலேயே தனித்தனியாக ஒரு கார்ட் எடுத்துக்கொள்ளுங்கள். 500 டாலர் லிமிட் போதும்.

பெயரும் சின் நம்பரும்

நம் பெயர்கள் இங்குள்ள படிவங்களுக்குள் அடங்குவதில்லை. அப்பா பெயர் ஓரிடத்தில் முதலில், இன்னோரிடத்தில் கடைசியில். சில பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயரே இருக்காது. ஒரே பெயருக்கு இரண்டு எழுத்துக்கூட்டல். கடன் பதிவு நிறுவனங்கள் பெயர், பிறந்த தேதி, முகவரி இவற்றை வைத்துத்தான் ஒருவரை அடையாளம் காண்கின்றன. வங்கியில் ஒரு மாதிரியும் போன் கம்பெனியில் இன்னொரு மாதிரியும் எழுதிக் கொடுத்தால், ஒரே ஆளுக்கு இரண்டு ரிப்போர்ட் உருவாகிவிடலாம். இரண்டிலும் பாதி வரலாறுதான் இருக்கும். குடிவரவு ஆவணத்தில் எந்த வரிசையில், எந்த எழுத்தில் இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் கொடுங்கள். வீடு மாறும்போது முகவரியையும் உடனே மாற்றுங்கள். பழைய பேஸ்மென்ட்டுக்குப் போன 40 டாலர் போன் பில், யாரும் பார்க்காமல் வசூல் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அந்தத் தழும்பு பெரும்பாலும் 6 வருடம் ரிப்போர்ட்டில் இருக்கும்.

மாணவராகவோ வேலை அனுமதியிலோ வந்தவர்களுக்கு சின் நம்பர் (அரசு தரும் சமூகக் காப்பீட்டு எண்) 9-இல் தொடங்கும். அதற்குக் காலாவதித் தேதி உண்டு. நிரந்தர வதிவுரிமை கிடைத்ததும் வேறு எண் வாங்க வேண்டும். வாங்கியதும் வங்கியில் அதைத் தெரிவியுங்கள். இன்னொன்று: வாடகை விண்ணப்பத்தில் சின் நம்பருக்கு இடம் விட்டிருந்தாலும் வீட்டுக்காரருக்கு அதைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த எண் தவறானவர் கையில் போனால் உங்கள் பெயரில் கடன் வாங்கிவிடலாம்.

ஸ்கோர் வரும் வரைக்கும்

வீடு கொடுப்பவரிடம் வேலைக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், தெரிந்தவர் ஒருவரின் சிபாரிசு ஆகியவற்றைக் கொடுத்துப் பேசிப் பார்க்கலாம். கிரெடிட் இல்லாததைக் காரணம் காட்டி ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்டாரியோ சட்டப்படி வீட்டுக்காரர் முன்பணமாகக் கேட்கக்கூடியது அதிகபட்சம் ஒரு மாத வாடகை. அது உங்கள் கடைசி மாதத்துக்குக் கழிக்கப்படும். சேதம் வந்தால் பிடித்துக்கொள்ள என்று தனி வைப்பு கேட்கக் கூடாது. மற்ற மாகாணங்களில் விதி வேறு.

கார் கடைக்காரர்கள் கிரெடிட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள். பரவாயில்லைதான், வட்டியில் பிடித்துக்கொள்வார்கள். 2025 ஜனவரி 1 முதல் கனடாவில் வருடத்துக்கு 35 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது பொதுவாகக் குற்றம். ஆனால் அதற்குக் கீழே எவ்வளவும் கேட்கலாம். சம்பளத்துக்கு முன் கைமாற்றாகத் தரும் பேடே லோன்களுக்கு அந்த வரம்பும் இல்லை. 100 டாலருக்கு 14 டாலர் வரை வாங்கலாம் என்பது அவர்களுக்கான விதி. 14 டாலர்தானே என்று தோன்றும். இரண்டு வாரத்துக்கு 14 என்றால் வருடக் கணக்கில் 360 சதவீதத்தைத் தாண்டுகிறது.

உறவினர் வாங்கும் கடனுக்கு நாமும் பொறுப்பேற்றுக் கையெழுத்திடும் கோ-சைன் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மவர்களிடையே இது மறுக்க முடியாத உதவியாகத்தான் வரும். கையெழுத்துப் போட்டால் அந்தக் கடன் உங்கள் கடனும்தான். அவர் கட்டாத மாதம் உங்கள் ரிப்போர்ட்டிலும் விழும். நீங்கள் வீட்டுக் கடன் கேட்கும்போது அந்தத் தொகையை உங்கள் தலையில் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். முடியாது என்று சொல்ல இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

சீட்டு பிடிப்பதும் இங்கே வந்திருக்கிறது. அதில் வருடக்கணக்காக ஒழுங்காகக் கட்டினாலும் ஸ்கோருக்கு ஒரு புள்ளிகூடச் சேராது. வங்கியில் போட்ட பணத்துக்கு, வங்கியே மூழ்கினாலும், ஒவ்வொரு வகை வைப்புக்கும் ஒரு லட்சம் டாலர் வரை கனடா வைப்புக் காப்பீட்டுக் கழகம் பொறுப்பு. சீட்டுக்கு அப்படி யாரும் இல்லை. ஆளைத் தெரியும் என்ற நம்பிக்கையில் போடுபவர்கள் போடட்டும். வாடகைப் பணத்தைப் போடாமல் இருந்தால் சரி.

வீடு வாங்கும் கட்டத்தில் ஸ்கோரோடு இன்னொரு தாளும் வேண்டும். வருமான வரித் தாக்கல் செய்தபின் கனடா வருவாய் முகமை அனுப்பும் மதிப்பீட்டு அறிவிப்பு அது. கடன் கொடுப்பவர்கள் உங்கள் வருமானத்தை அதில்தான் சரிபார்ப்பார்கள். பெரும்பாலானோருக்கு ஏப்ரல் 30 கடைசி நாள். முதல் வருடம் வருமானமே இல்லாவிட்டாலும் தாக்கல் செய்யுங்கள். பிள்ளைகளுக்கான மாதாந்தர உதவித்தொகை தொடர்ந்து வருவதற்கும் கணவன், மனைவி இருவரும் தாக்கல் செய்திருக்க வேண்டும். 5 லட்சம் டாலர் வரையுள்ள வீட்டுக்குக் குறைந்தபட்ச டவுன் பேமென்ட், அதாவது கடன் போக நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய தொகை, 5 சதவீதம். டவுன் பேமென்ட் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் கடனுக்குக் காப்பீடு எடுக்க வேண்டும். அந்தக் காப்பீட்டை அரசு வீட்டுவசதி நிறுவனமான சிஎம்எச்சி தருவதற்கு, கடன் கேட்பவர்களில் ஒருவருக்காவது ஸ்கோர் 600 இருக்க வேண்டும்.

ரிப்போர்ட்டை வருடத்துக்கு ஒருமுறையாவது இரண்டு நிறுவனங்களிலும் வாங்கிப் பாருங்கள், இலவசம்தான். பல வங்கிகளின் செயலியிலேயே ஸ்கோர் தெரியும். ஈக்விஃபாக்ஸில் ஓர் எண்ணும் டிரான்ஸ்யூனியனில் வேறு எண்ணும் இருந்தால் பதற வேண்டாம். கணக்கிடும் முறை வேறு, சேர்ந்த விவரமும் வேறு. பார்க்க வேண்டியது எண்ணை அல்ல, உள்ளே இருக்கும் கணக்குகளை. நீங்கள் திறக்காத கணக்கு, கட்டியும் கட்டவில்லை என்று இருக்கும் மாதம், தெரியாத முகவரி ஏதாவது கண்ணில் பட்டால் அந்த நிறுவனத்திடமே முறையிடலாம். அதற்கும் கட்டணம் இல்லை. கிரெடிட்டைச் சரிசெய்து தருகிறோம் என்று பணம் கேட்கும் நிறுவனங்களால், உண்மையாக நடந்த தாமதத்தை ரிப்போர்ட்டிலிருந்து எடுக்க முடியாது. காலம் முடிந்ததும் அது தானாகவே போய்விடும்.